பூசை தள்ளிப்போன சாயங்காலம்

அந்த வருஷம் அந்தோணியார்புரத்துக்குக் கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே சிறுத்தை வந்துவிட்டது.

டிசம்பர் எட்டாம் தேதி, மாதா திருநாள் பூசை முடிந்து சனங்கள் கோயிலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்த நேரம். முந்திரிக்காட்டுக்குள் குடியிருக்கும் இருசம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "என் சினையாட்டை என்னமோ கடிச்சு, மரத்து மேல தூக்கி மாட்டி வச்சிருக்குய்யா!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள். நாய் ஆட்டைக் கடிக்கும், மரத்தில் ஏற்றாது. கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

மத்தியானம் வனத்துறை ஆட்கள் வந்து, மணலில் பதிந்திருந்த காலடியை டேப் வைத்து அளந்தார்கள். "சிறுத்தைதான். யாரும் தனியாப் போவாதீங்க. பார்த்தீங்கன்னா ஓடக்கூடாது. முதுகைக் காட்டக்கூடாது. சத்தமாப் பேசிக்கிட்டே மெதுவா நவுந்துடணும்" என்றார் வனக்காப்பாளர். இரண்டு கூண்டு வைத்தார்கள். உள்ளே ஒவ்வொரு ஆடு. ராத்திரி முழுக்க அந்த ஆடுகள் கத்தினதுதான் மிச்சம்.

ஊர் அடங்கிப்போயிற்று. முந்திரி மரத்துக்குக் கவாத்து வெட்டும் வேலை நின்றது. வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போகிற கூட்டம் இந்த வருஷம் கிடையாது என்றார்கள். வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கியது. அதன் கீழே கதவுகள் ஆறு மணிக்கே தாழ் போட்டுக்கிடந்தன. போனில் தினம் ஒரு செய்தி வந்தது. விக்கிரமங்கலத்தில் கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், ஆண்டிமடத்தில் பஸ்ஸைத் துரத்தியதாம். பாதி பொய்தான். ஆனால் எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஃபாதரே நடுராத்திரிப் பூசையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றிவிட்டார்.

ஊரின் கடைசித் தெருவிளக்குக்கும் அப்பால் இருந்தது துணை சுகாதார நிலையம். அதன் பின்பக்கத்து அறையில் தனியாகக் குடியிருந்தாள் கிராம சுகாதாரச் செவிலியர் வெற்றிச்செல்வி. வயது முப்பத்தாறு. வீட்டுக்காரர் கொரோனாவில் போய்விட்டார், குழந்தை இல்லை. பின்கதவைத் திறந்தால் பத்தடியில் முந்திரி மரங்கள். சிறுத்தை வந்த நாளிலிருந்து இரும்புக் கட்டிலை அந்தக் கதவோடு சேர்த்துப் போட்டு, அதன் மேல் தண்ணீர்க் குடங்களை ஏற்றிவைத்துவிட்டு, தரையில் படுத்தாள். சருகு சரசரத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஆனால் அந்த ஊரில் அவளுடைய முதல் பயம் சிறுத்தை இல்லை. அக்டோபரில் மாறுதல் ஆர்டர் கையில் வந்து, ஊர்ப் பெயரைப் படித்தபோதே உள்ளங்கை வேர்த்துவிட்டது. அது இன்னாசிமுத்துவின் ஊர்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் வெற்றிச்செல்வி பெரம்பலூரில் நர்சு படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னாசிமுத்து பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தான். வாலிகண்டபுரம் பஸ்ஸுக்கு நிற்கிறபோது பழக்கம். ஒன்றரை வருஷம். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன் என்பது அவளுடைய அண்ணன் பாலசுந்தரத்தின் காதுக்குப் போனதும் வீட்டில் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொள்வது என்று இரண்டு பேரும் நாள் பார்த்தார்கள். அவள் சான்றிதழ்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். நாலு மணி வரை நின்றாள். அவன் வரவில்லை. வந்தது பாலசுந்தரம்தான். தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காரில் ஏற்றினான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் வாங்கிய அடியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாலே மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். அந்த மனிதர் நல்லவர்தான். பேசமாட்டார்.

இன்னாசிமுத்து ஏன் வரவில்லை என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இந்த ஊருக்கு வந்த மறுவாரம் அவனைக் கோயில் வாசலில் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. கல்யாணம் ஆகவில்லை, மூன்று தங்கச்சிகளைக் கரையேற்றவே காலம் போய்விட்டது என்று ஊர் சொன்னது. அவன் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவளும் அவனைத் தேடிப் போகவில்லை. இனி ஒருத்தன் வார்த்தையை நம்பிக் காத்து நிற்கிற தெம்பு தன்னிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சிறுத்தை வந்த மூன்றாம் நாள் ஃபாதர் சொல்லி அவன் வந்தான். நிலையத்தின் பின்சுவரில் பெரிய விளக்கு ஒன்று மாட்டினான். "சுவிட்சு உள்ள இருக்குங்க நர்சம்மா. ராவெல்லாம் எரியட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். நர்சம்மா என்று அவன் கூப்பிட்டது அவளுக்கு எங்கேயோ போய்க் குத்தியது. அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அவனுடைய டிவிஎஸ் சத்தம் கேட்கும். குழாயடி வரை வந்து நிற்கும். அவள் முன்கதவைத் தாழ் போட்ட பிறகு திரும்பிப் போகும். அவள் அதற்காக எரிச்சல்பட்டாள். ஒருநாள் வண்டி பத்து நிமிஷம் பிந்தியபோது தாழில் கையை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலேகால் இருக்கும். இருசம்மாளின் போன் வந்தது.

"நர்சம்மா, இலக்கியாவுக்குப் பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு. வலி..." அவ்வளவுதான். கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் போகவில்லை. காட்டுக்குள் சிக்னல் அப்படித்தான்.

இலக்கியா இருசம்மாளின் மருமகள். இரண்டாவது பிரசவம். குறித்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மூத்த பிள்ளை விக்கிரமங்கலத்தில் அவளுடைய அம்மா வீட்டில். புருஷன் வேல்முருகன் லாரி ஓட்டுகிறவன், எங்கே இருக்கிறானோ. 'ஊருக்குள்ள வந்து இரு' என்று வெற்றிச்செல்வி இரண்டு முறை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஆட்டை விட்டுவிட்டு மாமியார் வரமாட்டாள். மாமியாரைத் தனியே விட்டுவிட்டு இவள் வரமாட்டாள்.

108-க்குப் போட்டாள். வண்டி வரும், ஆனால் தார் ரோடு வரைதான். கார்த்திகை மழையில் ஓடைப் பாலம் அறுத்துக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பாதையில் நாலு சக்கரம் எதுவும் போவதில்லை. ரோட்டிலிருந்து இருசம்மாள் வீடு ஒன்றரை மைல், முழுக்க முந்திரிக்காடு.

பிரசவப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் ஈ காக்காய் இல்லை. எல்லோரும் பூசைக்குக் குளித்துக்கொண்டிருப்பார்கள். மஞ்சள் வெயில் முந்திரி இலைகளின் மேல் கிடந்தது. அடியில் இப்போதே இருட்டு. முந்திரி மரம் தென்னை மாதிரி இல்லை. கிளையெல்லாம் தரையைத் தொடும்படி கவிந்திருக்கும். உள்ளே எது படுத்துக்கிடந்தாலும் பக்கத்தில் போகும்வரை தெரியாது. படி இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள்.

எதிர்ச் சுவரில் நீல எழுத்தில் எழுதியிருந்தது: 'முத்து எலெக்ட்ரிக்கல்ஸ். மோட்டார் காயில் கட்டித் தரப்படும்.' கீழே போன் நம்பர்.

அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போட்டாள்.

"நான்தான், செல்வி" என்றாள். நர்சு என்று சொல்ல நினைத்தவள் வாயில் அதுதான் வந்தது. "இருசம்மா வூட்டுக்குப் போவணும். பிரசவம். தனியாப் போவ எனக்குப் பயமா இருக்கு."

"அங்கயே நில்லு" என்றான்.

நில்லு என்ற அந்தச் சொல் அவளை ஒரு உலுக்கு உலுக்கியது. ஆனால் மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டான். கோயிலில் சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே இறங்கி வந்திருந்தான். இடுப்பில் டெஸ்டரும் டேப்பும் செருகியபடியே இருந்தன.

ஓடை வரை டிவிஎஸ்ஸில் போனார்கள். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி ஏறினார்கள். அதற்கு மேல் மணல் பாதை. அவன் ஒரு இரும்புக் குழாயைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தான். "சத்தமாப் பேசிக்கிட்டே வரணும்னாங்க. ஏதாவது பேசு" என்றான்.

"என்னாத்தப் பேசுறது?"

அவன் திரும்பாமலே சொன்னான்.

"அன்னைக்கு நான் வந்தேன் செல்வி."

அவள் நின்றுவிட்டாள்.

"நிக்காத, நட. ஒம்பதே காலுக்கு வந்துட்டேன். நீ பழக்கடைப் பக்கம் பச்சைச் சேலையில நின்னுக்கிட்டிருந்த. ரோட்டத் தாண்டணும், அவ்ளோதான். டீக்கடையில உங்க அண்ணன் கூட்டாளிங்க நாலு பேரு நின்னாங்க. ஒருத்தன் வேட்டிய ஒதுக்குனப்ப அருவா தெரிஞ்சுது. அரியலூர் பஸ்ஸு எதுத்தாப்புல நின்னுச்சு. ஏறிட்டேன். பஸ்ஸு நவுர்ற வரைக்கும் உன்னத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ என்னப் பார்க்கல."

இத்தனை வருஷம் அவள் அவனுக்காக எத்தனையோ காரணங்களை உண்டாக்கி வைத்திருந்தாள். அவனைக் கட்டிப்போட்டிருப்பார்கள், விபத்து நடந்திருக்கும், நாளை மறந்திருப்பான். கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பான் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை.

"என்னை அங்க அப்படியே விட்டுட்டாப் போனீங்க?" என்றாள்.

"ஆமா."

"அந்த அருவாளோட என்னை விட்டுட்டு?"

"ஆமா செல்வி."

திரும்பிப் போ என்று கத்தியிருப்பாள். ஆனால் இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து நின்றன, பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, இந்தக் காட்டில் அவளுக்கு இருந்த ஒரே துணை பயந்து ஓடின அந்த ஆள்தான். ஏதாவது ஒன்று எதிரே வந்தால் இவன் நிற்பானா?

அவள் அவன் பின்னாலேயே நடந்தாள். குழாய்ச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இருசம்மாள் வீடு ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கதவு தகரம், தாழ் கழன்றுபோய்க் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே போனால் ஆட்டு வாடை மூக்கில் அடித்தது. மிச்சமிருந்த ஏழு ஆடுகளையும் சிறுத்தைக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கட்டியிருந்தாள் இருசம்மாள். அவற்றுக்கு நடுவில் பாயில் கிடந்தாள் இலக்கியா. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"தூக்கிக்கிட்டுப் போவ நேரமில்ல. தலை வந்துருச்சு" என்றாள் வெற்றிச்செல்வி. கையுறையை மாட்டிக்கொண்டு பாயருகே முழங்காலிட்டாள். இன்னாசிமுத்து வெளியே போய்க் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டான். அவனுடைய குழாய் வாசல் கல்லில் டங் டங் என்று தட்டிக்கொண்டே இருந்தது.

ஐந்தரைக்குக் குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை. நீலம் பாய்ந்து துணி மாதிரி துவண்டு கிடந்தது. வெற்றிச்செல்வி வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆடு ஒன்று தும்மியது. அதற்கப்புறம்தான், ரொம்ப நேரம் கழித்து என்று தோன்றியது, குழந்தை ஒரு விக்கல் விக்கி வீறிட்டது. வெளியே குழாய்ச் சத்தம் நின்றது. "அப்பாடா" என்று அவன் சொன்னது கேட்டது.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் உதிரம் நிற்கவில்லை. ஊசி போட்டாள், குறைந்தது, ஆனால் போதாது. இலக்கியாவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. வெற்றிச்செல்வி ஒரு கையால் அவள் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். ரெண்டு பேரால தூக்க முடியாது. ஆளுங்க வரணும். யாருக்காவது போன் பண்ணுங்க."

"இங்க சிக்னல் இல்ல. கெணத்து மேட்டுல ஏறுனாக் கிடைக்கும்."

கிணற்று மேடு வீட்டிலிருந்து நூறடி. நடுவில் மோட்டார் கொட்டகை. பொழுது சாய்ந்து மரங்களெல்லாம் ஒரே கறுப்பாகியிருந்தன. அவன் கதவுச் சந்தில் ஒரு கணம் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் முகத்தில் பயம் அப்பட்டமாக எழுதியிருந்தது.

"போயிட்டு வந்துடுறேன்" என்றான்.

காலடிச் சத்தம் மணலில் தேய்ந்து தேய்ந்து போனது.

அதற்கப்புறம் போன நேரத்தை அவள் எப்படி எண்ணுவாள்? கை வயிற்றை விட்டு எடுக்க முடியாது. இலக்கியா, "நர்சம்மா, நான் செத்துருவனா?" என்று கேட்டாள். "சும்மா இரு. புள்ளையப் பாரு" என்றாள். காது மட்டும் வெளியே இருந்தது. ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். கிணற்று மேட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர இவ்வளவு நேரமா? அந்த மேட்டிலிருந்து பாதை நேராக ஓடைக்குப் போகிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் வண்டி நிற்கிறது. ஒரு காலை வைத்து மிதித்தால் ரோடு. ஒரு தடவை போனவன்தானே.

அப்போது ஏழு ஆடுகளும் ஒன்றாகக் கத்துவதை நிறுத்தின. காதுகள் விறைத்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்சுவரில் போய் முட்டின. இருசம்மாளின் கண்கள் அகன்றன. "வந்துருச்சு" என்று உதடு மட்டும் அசைந்தது.

வெளியே, மோட்டார் கொட்டகைப் பக்கம், தகரம் ஒன்று தடாலென்று விழுந்தது. பிறகு நிசப்தம். கத்திக் கூப்பிடலாமா கூடாதா என்று வெற்றிச்செல்விக்குத் தெரியவில்லை. கதவைப் பார்த்தாள். ஒரு கயிறு. அவ்வளவுதான் காவல்.

அந்த நிசப்தத்துக்குள் ஒரு குரல் எழுந்தது. இன்னாசிமுத்துதான். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"அடைக்கல மாதாவே! எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்! அந்தோணியாரே! எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்! சவேரியாரே!"

குரல் நடுங்கியது. ராகமும் இல்லை, வரிசையும் இல்லை. தெரிந்த புனிதர்கள் தீர்ந்துபோனதும் தன் மூன்று தங்கச்சிகளின் பெயரைச் சொல்லி, அவர்களையும் வேண்டிக்கொள்ளச் சொன்னான். ஆனால் அந்தக் குரல் ஓடைப் பக்கம் தேய்ந்து போகவில்லை. நெருங்கி வந்தது. அடி அடியாக நெருங்கி வந்தது. கதவில் ஒரு முதுகு வந்து இடித்தது. இருசம்மாள் கயிற்றை அவிழ்த்தாள். அவன் பின்பக்கமாகவே உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அதில் சாய்ந்தபடி சரிந்து உட்கார்ந்தான். குளித்தவன் மாதிரி வேர்வை சொட்டியது.

"கோயில் உபதேசியாருக்குச் சொல்லிட்டேன். ஆம்புலன்சுக்கும் சொல்லிட்டேன்."

"பார்த்தீங்களா?" என்றாள் வெற்றிச்செல்வி.

தலையாட்டினான். "மேட்டவுட்டு எறங்குறேன், கொட்டாய்க்குப் பக்கத்துல நிக்குது. எனக்கும் வூட்டுக்கும் நடுவுல."

"ரோட்டுப் பக்கம் வழி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் தன் கையை ஒருமுறை பார்த்தாள். இலக்கியாவின் வயிற்றின் மேல் அது இறுகிப்போய் இருந்தது.

ஆறு மணி ஆயிற்று. கோயில் மணி தூரத்தில் மெல்லக் கேட்டது. பூசைக்கு மணி.

"யாரு வருவா?" என்றாள் இருசம்மாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். வேல்முருகன் குடும்பத்தில் யாரும் கோயிலில் சேர்ந்தவர்கள் இல்லை. "அவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நல்ல நாளு. அத வுட்டுட்டு, புலி நிக்கிற காட்டுக்குள்ள எனக்காகவா வருவாங்க?"

கூரையின் மேல் என்னமோ ஒரு முறை உரசியது. கிளையாகவும் இருக்கலாம். இன்னாசிமுத்து குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். உதிரம் ஊறிக்கொண்டே இருந்தது. வெற்றிச்செல்வி மூன்றாவது துணியை மாற்றினாள். இலக்கியாவைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்தாள். புள்ளைக்கு என்ன பேரு வைக்கப்போற? முதல் புள்ள பேரு என்ன? அது என்ன கிளாஸ்? இலக்கியாவின் பதில்கள் குறைந்துகொண்டே வந்தன.

முதலில் கேட்டது டிரம் சத்தம். பிறகு வெடி. பிறகு, ஒன்றோடொன்று சேராத நூறு குரல்களில், கிறிஸ்மஸ் பாட்டு.

இன்னாசிமுத்து கதவைத் திறந்தான். முந்திரி மரங்களுக்கு இடையில் வெளிச்சம் ஆறு மாதிரி வந்துகொண்டிருந்தது. டார்ச்சு, போன் வெளிச்சம், கோயிலின் பெட்ரோமாக்ஸ், வாசலில் தொங்கிய நட்சத்திரத்தை அப்படியே கம்போடு பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள். புதுச் சேலை, புதுச் சட்டை, எல்லோருக்கும் முழங்கால் வரை ஓடைச் சேறு. முன்னால் வனக்காப்பாளர்கள் இரண்டு பேர். நடுவில் ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ்காரர். பூசை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஃபாதர். இந்த வருஷம் நிறுத்திவைத்திருந்த பாட்டுக் கூட்டம் மொத்தமும் டிரம்மோடு வந்திருந்தது.

"பூசை எட்டரைக்குன்னு சொல்லிட்டேன்" என்றார் ஃபாதர், மூச்சு வாங்க. "எங்க தூக்கணும், சொல்லும்மா."

இருசம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பி நடக்கையில் பயம் போய்விடவில்லை. பாட்டு ஒரு வரி தளர்ந்தாலும் எல்லோருடைய கண்ணும் மரத்துக்கு அடியில் ஓடியது. பெண்கள் ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஆட்டை விட்டு வரமாட்டேன் என்ற இருசம்மாளுக்காக ஏழு பேர் ஆளுக்கொரு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் வெற்றிச்செல்வி நடந்தாள். ஒரு கை இலக்கியாவின் நாடியில். இன்னொரு பக்கம் இன்னாசிமுத்து, குழந்தையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஓடையில் தண்ணீருக்குள் இறங்கும்போது அவள் கால் வழுக்கியது. தடுமாறி அவன் தோளைப் பிடித்தாள். கரை ஏறிய பிறகும், கொஞ்ச தூரம், எடுக்க மறந்துவிட்டாள்.

ஆம்புலன்சில் ஏறி இலக்கியாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். விடிகிற நேரத்தில் டாக்டர் வந்து, பிழைத்துக்கொண்டாள் என்று சொன்ன பிறகுதான் வெற்றிச்செல்வி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் ஊர் திரும்பினால், நிலையத்தின் வாசல் முழுக்கத் தூக்குவாளி. பிரியாணி, முறுக்கு, அதிரசம், கேக்குத் துண்டு. யார் யார் வீட்டுடையது என்று எதிலும் பெயர் இல்லை. பூட்டைத் திறக்கையில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. இன்றைக்குக் குழாயடியில் நிற்காமல் வாசல் வரை வந்தது.

"தூங்குனீங்களா?" என்றாள்.

"இல்ல. கண்ண மூடுனா அதுதான் நிக்குது." வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான். "மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரல செல்வி. கேக்குறதுக்கு யோக்கியதையும் இல்ல. நேத்து நான் ஒண்ணும் வீரனாயிடல. பயந்துக்கிட்டேதான் வந்தேன்."

"தெரியும். தங்கச்சிங்களையெல்லாம் புனிதராக்கிட்டீங்க."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது வரை சிவந்துபோனான். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவள் அவன் முன்னால் சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது.

"எனக்கு அது ஆறல" என்றாள். "ஆறுமான்னும் தெரியல. ஒரு நாள் முழுக்க நின்னேன். அப்புறம் பட்ட அடி உங்களுக்குத் தெரியாது."

"சொல்லு. கேட்டுக்கிறேன்."

"இன்னைக்கு வேணாம். சாப்பிட்டீங்களா? உள்ள வாங்க. இவ்வளவையும் நான் ஒருத்தியாத் திங்க முடியாது."

சொல்லி முடிக்க அவளுக்குப் பல நாள் பிடித்தது. அவன் ஒவ்வொரு சாயங்காலமும் வந்து, வாசல்படியில் உட்கார்ந்து கேட்டான். இடையில் ஒருநாளும் எழுந்து போகவில்லை. சில நாள் அவள் கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் வந்தான்.

பொங்கல் கழிந்து இருவரும் வாலிகண்டபுரத்துக்குப் போனார்கள். பஸ்ஸில் அவன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தான். பாலசுந்தரத்துக்குச் சர்க்கரை முற்றி, காலில் மூன்று விரலை எடுத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இன்னாசிமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்கு ரோட்டத் தாண்டி வந்திருந்தீன்னா வெட்டித்தான் இருப்பேன்" என்றார்.

"தெரியுங்க. அதான் வரல. வராதது தப்புங்க."

பாலசுந்தரம் தங்கச்சியைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அவளுடைய வாழ்நாளில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஆமாம் என்றதும், உள்ளே பார்த்து, "டீ போடு" என்று பெண்டாட்டிக்குக் குரல் கொடுத்தார்.

தை கடைசியில் வாலிகண்டபுரத்தில் கல்யாணம் நடந்தது. ஊரே வேன் பிடித்துக்கொண்டு வந்தது. இலக்கியா குழந்தையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். சிறுத்தை பிடிபடவே இல்லை. வேறு எங்கேயோ போய்விட்டது என்று வனத்துறை கூண்டுகளை ஏற்றிக்கொண்டு போனது. முந்திரி பூத்து வேலைக்கு ஆள் போக ஆரம்பித்தும், கும்பலாகத்தான் போகிறார்கள்.

வெற்றிச்செல்விக்கும் பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். மோட்டார் வேலைக்குப் போனவன் பிந்தினால், வாசலுக்கு வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். அது அவனுக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் தாமதமென்றாலும் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுவான். போன வாரம் அடுத்த தெருவிலிருந்தே போன் பண்ணினான்.

"உபதேசியார் வூட்டு முன்னாடிதான் நிக்கிறேன். தக்காளி வாங்கணுமா?"

"அங்கேருந்து ஒரு போனா?" என்று கேட்டாள். பிறகு, "கால் கிலோ போதும். வாங்க" என்றாள்.